சிம் ஏற்காத போனில் பாட்டு கேட்கலாமா?

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், தொடுதிரை ஐபாட், செல்போன், இணையக் கருவி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்று இது என்றார். இந்த மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் குறையில்லாமல் ஓடும். ஆப்பிளே அதே ஆண்டு செப்டம்பரில் அப்படியொரு கருவியை ஐபாட் டச் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கடைசி மாடல் 2019-இல் வந்தது. விலை 199 டாலரில் தொடங்கியது. 2022 மே மாதம் அந்த வரிசைக்கே மூடுவிழா நடந்தது.

பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் கைக்கடக்கமாகத் தனியாக ஒரு கருவி வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்றும் குறையவில்லை. அலுவலக அழைப்பு குறுக்கிடாமல் ஒரு ராகத்தை முழுதாகக் கேட்க விரும்புபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் கையில் சிம் இல்லாத கருவியைத்தான் கொடுப்போம் என்னும் பெற்றோர் இருக்கிறார்கள். சோனியும் ஃபியோவும் இதற்கென்றே தயாரிக்கும் பிளேயர்களில் நல்லவை எல்லாம் ஒரு நடுத்தர போனின் விலையைத் தொடுகின்றன. அதனால் பலருடைய பார்வை பழைய போன் சந்தையின் அடித்தட்டுக்குப் போகிறது. அங்கே திரை பளிச்சென்று, கேமரா பழுதில்லாமல், பாதி விலைக்கும் குறைவாக ஒரு போன் கிடக்கும். "அண்ணா, சிம் மட்டும்தான் எடுக்காது. மத்தபடி வைஃபை, யூடியூப், பாட்டு எல்லாம் சூப்பரா ஓடும்" என்பார் விற்பவர்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சிம் ஏன் எடுக்காது என்பதை அவர் சொல்லவில்லை. வாங்கலாமா கூடாதா என்பது முழுக்க முழுக்க அந்தக் காரணத்தைப் பொறுத்தது.

முதலில் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. முதல் 8 இலக்கங்கள் மாடலைச் சொல்லும். அடுத்த 6, அந்தப் போனுக்கு மட்டுமே உரிய வரிசை எண். கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படுவது. எண்ணைத் தப்பாக அடித்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். போன் கோபுரத்தோடு இணையும்போது நெட்வொர்க் இந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தன் பதிவேட்டில் தேடுகிறது. கறுப்புப் பட்டியலில் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். போனுக்குள் எதுவும் மாறுவதில்லை. மறுப்பு முழுவதும் நெட்வொர்க்கின் பக்கம்தான். வீட்டு வைஃபை ரூட்டர் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கேட்பதே இல்லை. புளூடூத் ஹெட்போனும் கேட்பதில்லை. ஆகவே கறுப்புப் பட்டியலில் உள்ள போன் பிளேயராக ஓடுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் கிடையாது.

கேரியர் லாக் இதற்கு நேர்மாறானது. அங்கே பூட்டு போனுக்குள்ளேயே இருக்கிறது. குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்மைத் தவிர மற்றதை அது ஏற்காது. போன் திருட்டுப் பொருளும் அல்ல, பாக்கி வைத்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் சி.டி.எம்.ஏ. காலத்து ரிலையன்ஸ் போன்கள் போன்ற சிலவற்றை விட்டால் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. அமெரிக்காவிலோ செல்போன் வியாபாரமே இதன் மேல் எழுந்தது. போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஐபோன் 2011 பிப்ரவரி வரை அங்கே ஏ.டி.&டி. ஒன்றிடம்தான் கிடைத்தது. அந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் கொண்டுவந்த ஐபோன் நம்மூர் சிம்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதை பல வீடுகளில் உண்டு. அதைத் திறந்துகொடுப்பதே ஒரு தொழிலாக நம் மின்பொருள் கடைத்தெருக்களில் நடந்தது. திறக்க முடியாமல் போனவை பாட்டுப் பெட்டிகளாக வீட்டில் தங்கின.

இந்தப் பூட்டைத் திறப்பது அமெரிக்காவிலேயே சில காலம் சட்டவிரோதமாக இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு விதிவிலக்குகளை வகுக்கும் அதிகாரம் அங்கே நாடாளுமன்ற நூலகத்திடம் உள்ளது. 2006 முதல் போன் திறப்புக்கு அது விலக்கு அளித்து வந்தது. 2012-இல் அதை நீக்கியது. 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கும் போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறந்தால் குற்றம் என்றானது. மக்கள் கொதித்தார்கள். வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. தன் காசில் வாங்கிய பொருளைத் தனக்கு வேண்டியபடி பயன்படுத்தும் உரிமைக்காகச் சாதாரண மக்கள் போராடி வென்ற நிகழ்வுகள் குறைவு. இது அவற்றுள் ஒன்று. நினைவில் வைக்கத் தக்கது.

கேரியர் லாக் மட்டுமே உள்ள போனைப் பிளேயராக வாங்க யாரும் தயங்க வேண்டாம். இன்னும் சொல்லப்போனால், அமெரிக்காவில் பிரீபெய்டு நிறுவனங்கள் மானிய விலையில் விற்கும் புத்தம்புதிய லாக் போன்களைச் சேவையே எடுக்காமல் வைஃபைக் கருவியாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பெட்டி பிரிக்காத பேட்டரி, சுத்தமான எண், கையில் பில். பழைய போனைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

நெட்வொர்க்கே மூடப்பட்டதால் ஊமையான போன்கள் இன்னொரு வகை. ஏ.டி.&டி. தன் 3ஜி சேவையை 2022 பிப்ரவரியில் நிறுத்தியது. வெரைசன் அந்த ஆண்டு இறுதியோடு நிறுத்தியது. 4ஜி வழியே குரல் அழைப்பு எடுக்கத் தெரியாத நல்ல போன்கள் பல ஒரே நாளில் தொலைபேசி என்ற தகுதியை இழந்தன. அவற்றின் மேல் எந்தப் புகாரும் இல்லை, யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் அவற்றுக்குப் பாட்டுப் பெட்டியைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பாகிஸ்தானின் கதை வேறு. அங்கே வெளிநாட்டுப் போனை உள்ளூர் சிம்மோடு பயன்படுத்தினால் 60 நாட்களுக்குள் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பதிந்து வரி கட்ட வேண்டும். தவறினால் எண் தடைபடும். உயர்ரகப் போனுக்கு அந்த வரியே பெருந்தொகை. ஆணையத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து 'நான்-பி.டி.ஏ.' என்ற பெயரில் தனிச் சந்தையே அங்கே உருவாகிவிட்டது. கேமராவுக்காகவும் விளையாட்டுக்காகவும் இளைஞர்கள் அத்தகைய ஐபோனை வாங்கி, பேசுவதற்கு மலிவான வேறொரு போனை வைத்துக்கொள்கிறார்கள். நெட்வொர்க்கின் கண்ணுக்கு இதுவும் திருட்டுப் போனும் ஒன்றுதான், இரண்டுமே தடைபட்ட எண்கள். ஆனால் இங்கே யாருடைய பையிலிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை.

பறிக்கப்பட்டவை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. வாங்கக் கூடாது.

இந்தக் கறுப்புப் பட்டியல் ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு விலையை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2013-இல் மட்டும் அந்நாட்டில் 31 லட்சம் போன்கள் திருடுபோனதாக மதிப்பிட்டது. பல சம்பவங்களில் கத்தியும் துப்பாக்கியும் இருந்தன, உயிர்களும் போயின. சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோனும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மனும் 2013-இல் கூட்டாக நிறுவனங்களை நெருக்கினார்கள். திருடிய போன் திருடனுக்கு உதவாமல் போக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தூண்டுதலால் நிறுவனங்கள் திருட்டுப் போன்களுக்கான பொதுப் பட்டியலுக்கு ஒப்புக்கொண்டிருந்தன. ஐ.ஓ.எஸ். 7-உடன் 2013 செப்டம்பரில் ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக் வந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 அதேபோன்ற காப்பைக் கொண்டுவந்தது. 2015 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் இப்படியொரு வசதி கட்டாயமானது. 2014-க்கான அதே இதழின் மதிப்பீடு 21 லட்சமாக இறங்கியது.

பட்டியலின் வலிமை முழுவதும், பட்டியலில் ஏறிய போனுக்கு விலை கிடைக்கக் கூடாது என்பதில் இருக்கிறது. 'நான் பேசவா போகிறேன், பாட்டுதானே கேட்கப் போகிறேன்' என்று வாங்குபவர் அந்த விலையைத் திரும்ப உருவாக்குகிறார். சிம் போடாததால் போலீசுக்குத் தகவல் போகாது என்ற கணக்கும் பலர் மனதில் ஓடுகிறது. மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பது உண்மையாகவே இருந்தாலும், பேருந்தில் பையைத் தடவிப் பார்த்துத் திகைத்து நின்றவரின் நட்டம் அதனால் குறைவதில்லை. அதில் அவருடைய குழந்தையின் படங்கள் இருந்திருக்கும். இறந்துபோன அம்மாவின் குரல் பதிவு இருந்திருக்கும். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குபவருக்கு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பில்லும் பெட்டியும் இல்லை, எண் தடைபட்டிருக்கிறது, விலை மூன்றில் ஒரு பங்கு: நம்பக் காரணம் இல்லை என்று இதற்கு மேல் எவரும் வாதாட முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குழப்பமான வகை இருக்கிறது. தவணை கட்டாமல் விட்ட போன்களை அமெரிக்க நிறுவனங்கள் பட்டியலில் ஏற்றுகின்றன. விற்றுவிட்டுத் தொலைந்துபோனதாகச் சொல்லி இன்சூரன்ஸ் வாங்கும் மோசடியாலும் எண்கள் ஏறுகின்றன. கொடுமை என்னவென்றால், வாங்கும் நாளில் சுத்தமாக இருந்த எண் சில மாதங்கள் கழித்துத் தடைபடும். முதல் சொந்தக்காரர் தவணையை நிறுத்தியது வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? இப்படி முழு விலை கொடுத்து ஏமாந்தவர் அதைப் பிளேயராகத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அதை இன்னொருவருக்கு விற்கும்போது காரணத்தை மறைத்தால்தான் தவறு தொடங்குகிறது. சி.டி.எம்.ஏ. காலத்தில் இவற்றை 'பேட் ஈ.எஸ்.என்.' (கெட்ட வரிசை எண்) போன் என்று வெளிப்படையாகவே எழுதி விற்றார்கள். அந்த நேர்மை ஓரளவு தேவலை. ஆனால் பாக்கிப் போன், திருட்டுப் போன் இரண்டுக்கும் அந்த ஒரே பெயரை வைத்ததால், வாங்குபவர் தனக்கு வசதியானதை நம்பிக்கொண்டார்.

சரி, காரணம் சுத்தமாக உள்ள ஒரு போன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளேயராக எது தேறும்?

காதுக்கு முன்னுரிமை கொடுப்பவர்கள் எல்.ஜி.யின் வி வரிசையைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. 2016-இன் வி20 முதல் 2020-இன் வி60 வரை இவற்றில் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக், மெமரி கார்டு இடம், ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் 'குவாட் டாக்' ஒலிச் சில்லு மூன்றும் ஒன்றாக உண்டு. ஹெட்போனைச் செருகியதும் போன் அதன் மின்தடையை அளக்கும். 50 ஓமுக்கு மேல் இருந்தால் அதிகத் திறனுக்குத் தானே மாறிக்கொள்ளும். ஸ்டுடியோவில் பயன்படும் பெரிய ஹெட்போனைச் சாதாரண போனில் செருகினால் ஒலி சன்னமாக, உயிரில்லாமல் வரும். இதில் செருகினால் மிருதங்கத்தின் இடந்தலைத் தொப்பி அதிர்வது வரை கேட்கும். எல்.ஜி. 2021-இல் போன் தொழிலை விட்டே வெளியேறியது. அமெரிக்காவில் இவை பெரும்பாலும் கேரியர்கள் வழியே விற்றவை என்பதால் லாக் உள்ள பழைய போன்கள் மலிவாகக் கிடைத்தன. ஒன்றை மனதில் கொள்ள வேண்டும்: 2025 ஜூன் இறுதியோடு எல்.ஜி. அப்டேட் சேவையையும் முடித்துக்கொண்டது. அதில் வங்கிக் கணக்கையோ முக்கிய மின்னஞ்சலையோ ஏற்றக் கூடாது. பாட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்று போதும்.

ஐபோன்தான் வேண்டும் என்பவருக்கு ஜாக் உள்ள கடைசி மாடல்கள் 6எஸ்-உம் 2016-இன் எஸ்.ஈ.யும். இரண்டும் ஐ.ஓ.எஸ். 15-ஓடு நின்றுவிட்டன. புதிய செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். லாக் உள்ள பழைய ஐபோனை ரீசெட் செய்தால், அந்த நிறுவனத்தின் சிம் ஒன்று இல்லாமல் தொடக்கத் திரையைத் தாண்ட மறுக்கும் தொல்லையும் உண்டு. சாம்சங்கில் எஸ்10, நோட் 9 வரை ஜாக் இருந்தது. கம்பியில்லாமல் கேட்பவர்களுக்கு ஜாக் பிரச்சினை இல்லை; ஆண்ட்ராய்டு 8 முதல் எல்டாக் எனும் உயர்தரப் புளூடூத் முறைக்கு ஆதரவு உண்டு, ஐபோனில் அது கிடையாது.

படம் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. லாக்கை உடைக்கிறேன், புது ஆண்ட்ராய்டு ஏற்றுகிறேன் என்று பூட்லோடரைத் திறந்த போன்களில் வைட்வைன் என்னும் காப்பு முறை கீழ்நிலைக்கு இறங்கிவிடும். நெட்ஃபிளிக்ஸ் ஓடும், ஆனால் எச்.டி. தெளிவு வராது. சொந்தமாகக் கோப்புகளை வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கவலை இல்லை, வி.எல்.சி. ஒன்றே எல்லாவற்றையும் ஓட்டும். பாட்டுக்கு வந்தால், 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 நிமிடத்துக்கு 2.4 எம்.பி. பிடிக்கும். 128 ஜி.பி. மெமரி கார்டில் ஐந்து நிமிடப் பாடல் பத்தாயிரம் அடங்கும். இளையராஜா இசையமைத்த பாடல்கள் அனைத்தையும் சேர்த்து வைக்க ஆசைப்படுபவருக்கும் அதில் இடம் மிஞ்சும்.

பேட்டரிதான் உண்மையான செலவு. 500 முறை சார்ஜ் ஆன பிறகு பழைய ஐபோன் பேட்டரியில் 80 சதவீதத் திறன் மிஞ்சுவதாகக் கணக்கு. பின்பக்கம் துளி உப்பியிருந்தாலும், திரையின் ஓரம் மேலெழுந்து ஒளி கசிந்தாலும் அந்தப் போனைத் தொடவே வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும். வாங்கிய பின் ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைக்க வேண்டும்; கிடைக்காத கோபுரத்தைத் தேடித் தேடிப் போன் வீணாகச் சார்ஜ் இழப்பது நிற்கும். அமெரிக்காவில் உள்ளவர்கள் குழந்தையிடம் கொடுப்பதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேவை இல்லாத போனிலிருந்து வரும் 911 அழைப்பையும் இணைத்தாக வேண்டும் என்பது அங்கே விதி. பிள்ளை விளையாட்டாக அழுத்தினாலும் அவசர உதவி மையத்தில் மணி அடிக்கும்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. போனை ஆன் செய்யச் சொல்லுங்கள். ரீசெட் ஆன போன் என்றால் மொழி, வைஃபை கேட்டுவிட்டு அடுத்த திரைக்கு வரும். அங்கே பாதி மறைத்த ஒரு மின்னஞ்சல் முகவரியைக் காட்டி அதன் கடவுச்சொல்லைக் கேட்டால் அது ஆக்டிவேஷன் லாக். கேரியர் தடை போல வைஃபையில் தாண்டக்கூடியதல்ல அது. பழைய சொந்தக்காரர் நீக்கினால் ஒழிய அந்தப் போனில் ஒரு பாட்டுகூட ஓடாது. 'இதை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன்' என்று விற்பவர் சொன்னால் அப்போதே எழுந்துவிடலாம். 2024-இன் ஐ.ஓ.எஸ். 18 முதல் ஆப்பிள் திரை, பேட்டரி, கேமரா வரை இந்தப் பூட்டை நீட்டித்திருக்கிறது. உதிரிப் பாகமாகக்கூட அவற்றின் மதிப்பு சரிந்துவிட்டது. தொடக்கத் திரையில் ஒரு நிறுவனத்தின் பெயரோடு 'இந்தக் கருவி நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் செய்தி வந்தால் அது அலுவலகப் போன், திருப்பிக் கொடுக்கப்படாதது.

தொடக்கத் திரை தாண்டியதும் *#06# அடித்துத் திரையில் வரும் எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்தியாவில் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எண்ணின் நிலை வந்துவிடும். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிந்த சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். தடைபட்டது, நகல் எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்கக் கூடாது. நகல் எண் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் மீரட் போலீசார் ஒரே எண்ணில் 13,500-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள்.

எண் தடைபட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும் பேரம் முடியாது. 'ஒரு மாதத்தில் கிளியர் ஆகிவிடும்' என்பார்கள். பட்டியலில் ஏற்றியவர் கோராமல் எண் இறங்காது. இந்தியாவில் புகார் கொடுத்தவரே தன் கோரிக்கை எண்ணை வைத்துத் தடையை நீக்க வேண்டும். 'அப்படியானால் எண்ணையே மாற்றித் தருகிறேன்' என்பது அடுத்த கட்டம். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது பிரிட்டனில் 2002 முதல் குற்றம். இந்தியாவில் 2017-இல் தனி விதிகள் வந்தன. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. பாட்டு கேட்க எண்ணை மாற்றத் தேவையே இல்லை. அதை மாற்றித் தர முன்வருபவரிடம் இருக்கும் மற்ற போன்களும் எங்கிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். அவரிடம் எதையும் வாங்க வேண்டாம். கேரியர் லாக் மட்டும் உள்ள, பில்லோடு கூடிய பழைய போனைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, மிச்சக் காசில் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.